பாங்காக்கில் முதல் நாள்: முதுகுப்பையோடு போகிறவர்களுக்குப் படிப்படியாக

பாங்காக்கில் கால் வைத்ததும் பலரும் டாக்சி பிடித்து, பாதி நாளை நெரிசலிலேயே விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய பழைய நகரமோ சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே இருக்கிறது. படகையும் கால்களையும் நம்பினால் போதும். முதுகுப்பைப் பயணிகள் அதிகம் தங்கும் காவ் சான் சாலைப் பக்கம் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்

பெரிய பையை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர், குடை, சில்லறையாகக் கொஞ்சம் பாட் (தாய்லாந்துப் பணம்), இவ்வளவு போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்கும்படி உடுத்துங்கள். அரைக்கால் சட்டையோடு போனால், நாம் முதலில் பார்க்கப்போகும் பெரிய அரண்மனைக்குள் (Grand Palace) விடமாட்டார்கள்.

படி 2: படகு

எட்டு மணிக்குள் பிரா ஆதித் படகுத்துறைக்கு நடந்துவிடுங்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான், அதனால் தயாராக நில்லுங்கள். நடத்துனர் நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே வருவார். டிக்கெட்டும் சில்லறையும் அதற்குள்தான். தா சாங் துறையில் இறங்குங்கள்.

படி 3: அரண்மனை

8.30 மணிக்குத் திறப்பார்கள், நுழைவுக் கட்டணம் 500 பாட். வழியில் யாராவது கனிவாக வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடல், வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்பார். நம்பாதீர்கள். அவர் ஏற்றிவிடும் டுக்-டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி) கடைசியில் நகைக்கடை வாசலில்தான் போய் நிற்கும். நேராக வாசலுக்கே நடங்கள்.

உள்ளே இருக்கும் கோயிலில் எல்லோரும் மரகத புத்தரைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கோயிலைச் சுற்றியிருக்கும் நீண்ட மண்டபத்துக்குப் போங்கள். சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். தாய்லாந்தில் அதன் பெயர் ராமகியென். நம்மூர் மயில்ராவணன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். நம் கதையில் அனுமன் வாலாலேயே கோட்டை கட்டி ராமனைக் காப்பார்; இங்கேயோ மலைபோல வளர்ந்து, ராமனின் பாசறையையே வாய்க்குள் வைத்துக் காவல் இருக்கிறார். பொன் பூச்சு மின்னும் அந்த வெள்ளை அனுமனை நிதானமாகத் தேடிப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த 500 பாட் இந்தச் சுவருக்கே தகும்.

படி 4: உச்சி வெயிலில் வாட் போ

தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வாட் போ (வாட் என்றால் கோயில்). சயன புத்தர் 46 மீட்டர் நீளம். தலைமாட்டில் நின்று படம் எடுப்பதோடு விடாமல் பாதங்கள் வரை போங்கள். கருமையான உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். கால் வலித்தால் கோயில் வளாகத்திலேயே தாய்லாந்து மசாஜ் உண்டு.

சாப்பாட்டைப் பக்கத்தில் உள்ள தா தியென் படகுத்துறைப் பக்கம் முடித்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் "ஜே" என்று கேட்க வேண்டும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துள்ள பலகை அதற்கு அடையாளம். வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாஸ் சேர்ந்துதான் வரும்.

படி 5: அக்கரை

தா தியெனிலிருந்து சின்னப் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். தூரத்திலிருந்து கல் சிற்பம்போலத் தெரியும். கிட்டப் போனால் அத்தனையும் சீனப் பீங்கான் துண்டுகள், ஒவ்வொன்றும் பூவாக, இதழாகப் பதித்தவை. வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்து, இக்கரையில் நின்றும் ஒரு தடவை பாருங்கள்.

படி 6: இரவில் யாவரத்

சனம் சாய் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரம்தான். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் வாட் மங்கோன், அதாவது சைனாடவுன். யாவரத் சாலை ஓரம் முழுக்க அடுப்புகள். ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், ஒவ்வொரு கடையிலும் ஒரு தட்டை இரண்டு பேராகப் பகிர்ந்து சாப்பிடுங்கள். அப்புறம், ஆரஞ்சுக் கொடிப் படகு இரவில் ஓடாது. விடுதிக்குத் திரும்பக் கிராப் செயலியில் வண்டி பிடிப்பதுதான் சுலபம். விலை முன்பே தெரிந்துவிடும், பேரம் பேச வேண்டியதில்லை.