மூன்று லட்ச ரூபாய் வாட்ச் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

கடைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு வெல்வெட் தட்டிலிருந்து வாட்சை எடுத்து உங்கள் மணிக்கட்டில் கட்டிவிட்ட பிறகு கணக்குப் போட்டால் எந்தக் கணக்கும் நேராக வராது. மனசு அதற்குள் வாங்கி முடித்திருக்கும். அதனால் கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சம்பளத்தில் இத்தனை சதவீதம் வரை வாட்சுக்குச் செலவழிக்கலாம் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதம் 95,000 கையில் வாங்குகிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொந்த வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறார், இன்னொருவர் வேளச்சேரியில் வாடகை கட்டிக்கொண்டு, கல்விக் கடனையும் அடைத்துக்கொண்டு, தங்கை கல்யாணத்துக்கும் சேர்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்?

சம்பளத்தை விட்டுவிட்டு முதலில் இதைப் பாருங்கள். வேலை போனால் ஆறு மாதம் குடும்பம் ஓடப் பணம் இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, கிரெடிட் கார்டில் பாக்கி இல்லாமல் இருக்கிறதா. கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அதை ஓடவிட்டுக்கொண்டு வாட்ச் வாங்கக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் வீட்டில் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: "இந்தக் காசுக்கு ரெண்டு சவரன் எடுத்திருக்கலாமே?" கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. நகை இருந்தால், அவசரம் என்று காலையில் பேங்குக்குப் போனால் மதியத்துக்குள் நகைக்கடன் கிடைத்துவிடும். சுவிஸ் வாட்சை நீட்டினால் அந்தக் கவுன்டரில் யாரும் வாங்க மாட்டார்கள். விற்கலாம்தான், ஆனால் ஆள் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், அசல்தான் என்று நிரூபிக்க வேண்டும். ரோலெக்ஸ் விலை ஏறிக்கொண்டேதானே போகிறது என்பார்கள். சில மாடல்களுக்கு மட்டும் அது உண்மை, அவற்றைக் கடை விலைக்கு வாங்கக் காத்திருக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் செகண்ட் ஹேண்ட் சந்தையில் உச்சிக்குப் போன ரோலெக்ஸ் டேடோனா போன்ற வாட்சுகளின் விலை, அதே ஆண்டிலேயே இறங்கத் தொடங்கியது. மற்ற பெரும்பாலான பிராண்டுகளில் கடை வாசலைத் தாண்டியதுமே கணிசமாகக் குறைந்துவிடும். முதலீடு என்று சொல்லித்தான் ஒரு வாட்சை நியாயப்படுத்த முடிகிறது என்றால், அந்த வாட்ச் இப்போதைக்கு வேண்டாம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு சர்வீஸ். பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் வாட்ச் என்றால் பேட்டரி மாற்றுவதோடு ஏறக்குறைய முடிந்தது. கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக், நாமே சாவி கொடுக்கிற வாட்ச் இரண்டும் அப்படியில்லை. என்னுடையது ஆறாவது வருஷம் நாளைக்கு இரண்டு நிமிஷம் பின்தங்க ஆரம்பித்தது. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டிருந்த மெக்கானிக் பின்மூடியைத் திறந்து எனக்கும் காட்டினார். உள்ளே, இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் காய்ச்சல்காரர் மூச்சு விடுகிற மாதிரி சோர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எண்ணெய் காய்ந்துவிட்டது, மொத்தமாகப் பிரித்துக் கழுவிச் சேர்க்க வேண்டும் என்றார். பில் 42,000 ரூபாய். வாங்கிய இடத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒமேகா 5 முதல் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ரோலெக்ஸ் சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. எந்த வாட்சாக இருந்தாலும், விலை கேட்கும்போதே முழு சர்வீஸ் எவ்வளவு, எங்கே செய்வீர்கள், எத்தனை வாரம் ஆகும் என்பதையும் கேளுங்கள்.

இப்போது பேப்பரை எடுங்கள். வாட்ச் 3,20,000. பத்து ஆண்டு கட்டுகிறீர்கள், ஒரு சர்வீஸ் 45,000. தோல் ஸ்ட்ராப் என்றால் சென்னை வியர்வைக்கு சீக்கிரமே நாற ஆரம்பித்துவிடும், ஆண்டுக்கு 2,000 என்று 20,000 வையுங்கள். மொத்தம் 3,85,000. கடைசியில் பாதி விலைக்கு விற்றால் 1,60,000 திரும்பும், மீதி 2,25,000 போனது போனதுதான். மாதத்துக்கு 1,875 ரூபாய். காப்பீடு எடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். இந்தத் தொகை உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தால் நல்லது, ஆனால் முடிவு எடுக்க இது மட்டும் போதாது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுச் சேர்க்கிற வங்கி வைப்பு. வாட்ச் வாங்கும் முன்பே அதற்கு மாதத் தவணை கட்டத் தொடங்குங்கள், உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே. மாதம் 18,000 வீதம் 18 மாதம் போட்டால் 3,24,000, வட்டி தனி. எஸ்ஐபி-யையோ (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுகிற பணம்) வீட்டுச் செலவையோ தொடாமல், யாரிடமும் கைமாற்று வாங்காமல் அந்த 18 மாதத்தையும் கடக்க முடிந்ததா என்று பாருங்கள். ஏழாவது மாதம் ஸ்கூல் ஃபீஸ் வந்து ஆர்டியை உடைத்தீர்கள் என்றால், கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு பதில் கிடைத்துவிட்டது, அதுவும் அசலில் ஒரு பைசா நஷ்டம் இல்லாமல். கடைசி வரை கட்டி முடித்த பிறகும் அதே வாட்ச்தான் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் போய் வாங்குங்கள். நடுவில் ஆசை வேறு மாடலுக்குத் தாவியிருக்கவும் கூடும், அது நிறைய பேருக்கு நடக்கிறது.

வட்டியே இல்லை என்று சொல்லித் தருகிற மாதத் தவணை, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கிறதே என்றால், மொத்தப் பணமும் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதே கடையில் கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் நீங்கள் கட்டுகிற வட்டி. ப்ராசஸிங் கட்டணம் தனியாக வரலாம், வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

அடுத்த மாதம் விலை ஏறும் என்று அவசரப்படுத்துவார்கள். ஏறலாம், ஆனால் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது, சுவிஸ் வாட்சுகளுக்கான இறக்குமதி வரி அதன்படி படிப்படியாகக் குறைய வேண்டும். அவசரத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று, வேண்டியது இயந்திரமா, பெயரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெயர்தான் வேண்டும் என்றாலும் தப்பில்லை, தெரிந்து வாங்கினால் போதும். உள்ளே சக்கரம் ஓடுகிற அழகுதான் பிடித்திருக்கிறது என்றால் ஒரு சீகோ 5 (Seiko 5) அல்லது முழுதாகச் சாவி ஏறினால் கழற்றி வைத்தும் 80 மணி நேரம் ஓடும் டிஸ்ஸோ பவர்மேட்டிக்கே மனசை நிறைக்கும். பழைய எச்எம்டி ஜனதாவும் அருமை, ஆனால் டயலுக்குப் புது பெயின்ட் அடித்து விற்பது நிறைய நடக்கிறது, எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், 2 லட்சத்துக்கு மேல் பான் கேட்பார்கள், அந்தத் தொகையை ரொக்கமாகவும் கொடுக்க முடியாது. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (கடைக்காரர் வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். வாரன்ட்டி கார்டில் உள்ள சீரியல் நம்பரும் வாட்சில் உள்ளதும் ஒன்றுதானா, தேதி போட்டிருக்கிறார்களா என்று அங்கேயே பாருங்கள். ஸ்டீல் சங்கிலியை உங்கள் கைக்கு அளவாக்கும்போது கழற்றுகிற கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்கிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள், பின்னாளில் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.