பிளேசர் சர்வரில் தொகுதிகள், வழித்தடங்கள், நிலைத்தகவல்: எதை எங்கே வைப்பது

பிளேசர் சர்வர் என்பது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் இணையச் செயலிகளை எழுதும் ஒரு முறை. இதில் திரை தெரிவது உலாவியில் என்றாலும், அதன் நினைவு முழுவதும் சர்வரில்தான் இருக்கிறது. பயனர் ஒரு டேப்பைத் திறந்ததும் சிக்னல்ஆர் (உலாவிக்கும் சர்வருக்கும் இடையே தொடர்ந்து திறந்திருக்கும் தொடர்பு) இணைப்பின் மேல் ஒரு சர்க்யூட், அதாவது அந்த டேப்புக்கான நிலையைச் சர்வரில் வைத்திருக்கும் அமர்வு, உருவாகிறது. அவருடைய ஒவ்வொரு சொடுக்கும் அதன் வழியே சர்வருக்குச் சென்று, மாறிய பகுதி மட்டும் திரும்பி வருகிறது. ஆகவே, பக்கங்களை எழுதத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு தகவலும் எவ்வளவு காலம் நிலைத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுவது அவசியம்.

ஆர்டர், கையிருப்பு, அறிக்கை போன்ற ஒவ்வொரு தொகுதியையும் தனி ரேஸர் கிளாஸ் லைப்ரரியாக (பக்கங்களும் அவற்றின் நிரலும் அடங்கிய தனித் திட்டம்) அமைத்து, அதற்குரிய சர்வீஸ்களை (பக்கங்கள் பயன்படுத்தும் பொதுவான நிரல் பொருள்கள்) பதிவு செய்யும் மெத்தடையும் அதனுள்ளேயே வையுங்கள். முகவரிக்கு உரிய பக்கத்தைக் கண்டுபிடிக்கும் ரவுட்டரின் ‘அடிஷனல்அசெம்பிளீஸ்’ பட்டியலில் அந்த லைப்ரரிகளைச் சேர்க்க வேண்டும். டாட்நெட் 8 முதல், சர்வர் பக்கத்தில் ‘மேப்ரேஸர்கம்போனென்ட்ஸ்’ அழைப்போடும் அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், செயலிக்குள் இணைப்பைச் சொடுக்கும்போது திறக்கும் பக்கம், முகவரியை நேரடியாகத் தட்டும்போது 404 பிழை காட்டும்.

ஆர்டர் எண், வடிகட்டி, பக்க எண் ஆகியவை முகவரியிலேயே இருக்கட்டும். அப்போதுதான் பின்செல்லும் பொத்தான் சரியாக இயங்கும், இணைப்பைப் பிறருக்கும் அனுப்ப முடியும். இங்கே கவனம் தேவை. ‘/ஆர்டர்/5’ பக்கத்திலிருந்து ‘/ஆர்டர்/6’ பக்கத்திற்குச் செல்லும்போது பிளேசர் புதிய கம்போனென்டை (பக்கத்தை உருவாக்கும் நிரல் பகுதி) உருவாக்குவதில்லை, இருப்பதையே பயன்படுத்துகிறது. தரவை, கம்போனென்ட் உருவாகும்போது மட்டும் இயங்கும் ‘ஆன்இனிஷியலைஸ்டு’ மெத்தடில் படித்திருந்தால் அது மீண்டும் இயங்காது. தலைப்பில் 6 என்று இருக்கும், கீழே உள்ள பொருள்களோ 5-ஆம் ஆர்டருக்கு உரியவையாக இருக்கும். பயனர் தவறான ஆர்டரைத் திருத்திவிடும் அளவுக்கு ஆபத்தான பிழை இது. எண்ணைச் சார்ந்த தரவை, முகவரியின் எண் மாறும்போதும் இயங்கும் ‘ஆன்பாராமீட்டர்ஸ்செட்’ மெத்தடில், எண் மாறியதா என்று பார்த்த பின் படியுங்கள்.

பல பக்கங்களுக்குப் பொதுவான தகவலுக்கு ஸ்கோப்டு சர்வீஸ் ஏற்றது. அதன் ஆயுள் சர்க்யூட்டின் ஆயுளே என்பதால், இரண்டு டேப்கள் அதைப் பகிர்ந்துகொள்வதில்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் அதுவும் புதிதாகத் தொடங்கும். செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் சிங்கிள்டன் சர்வீஸை எல்லாப் பயனர்களும் பகிர்கிறார்கள். ஒருவருடைய தரவை அதில் வைத்தால் மற்றவரின் திரையில் தோன்றிவிடக்கூடும், ஆகவே பயனர் சார்ந்த எதையும் அங்கே வைக்கவே கூடாது.

இணைப்பு அறுந்தால், இயல்பு அமைப்பின்படி 3 நிமிடங்கள் வரை சர்க்யூட் காத்திருக்கும். அதற்கு மேலும் பிழைக்க வேண்டிய பாதி நிரப்பிய படிவத்தை வரைவாகத் தரவுத்தளத்திலோ, ‘புரொடெக்டட்செஷன்ஸ்டோரேஜ்’ (மறையாக்கம் செய்த உலாவிச் சேமிப்பகம்) வழியே உலாவியிலோ சேமிக்க வேண்டும். இணைப்பு உருவாகும் முன்பே சர்வர் பக்கத்தை வரைந்து அனுப்பும் கட்டத்தில் (பிரீரெண்டரிங்) உலாவிச் சேமிப்பகம் கிடைக்காது என்பதால், முதல் ரெண்டர் (திரையில் வரைதல்) முடிந்த பின்னரே அதைப் படியுங்கள்.

சர்வீஸின் நிகழ்வுக்கு (மாற்றத்தை அறிவிக்கும் ஈவென்ட்) பதிவு செய்துகொள்ளும் கம்போனென்ட், அது அகற்றப்படும்போது இயங்கும் ‘டிஸ்போஸ்’ மெத்தடில் அந்தப் பதிவை நீக்கியாக வேண்டும்; இல்லையெனில் திரையிலிருந்து மறைந்த பின்னும் சர்வர் நினைவகத்தில் தங்கிவிடும். ஒவ்வொரு தொகுதியையும் முடித்ததும் பக்கத்தைப் புதுப்பித்தும், இரண்டாவது டேப்பில் திறந்தும், முகவரியை நேரடியாகத் தட்டியும் சோதித்த பிறகே அடுத்த தொகுதிக்குச் செல்லுங்கள்.