நீண்ட கேபிளில் 4–20 மில்லியாம்ப் சிக்னல்: என் அனுபவம்

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் நான் பராமரிப்பு பார்க்கும் ஆலையில், தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை மின்னோட்டமாக (காலி என்றால் 4 மில்லியாம்ப், நிரம்பினால் 20) அனுப்பும் இரு கம்பி டிரான்ஸ்மிட்டர், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் திரையில் 89 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. கேபிள் நீளம்தான் காரணம் என்றே எல்லோரும் சொன்னார்கள். "சென்சாரை மாத்திடலாம் அண்ணே" என்று உதவியாளரும் அவசரப்பட்டார்.

ஆனால் மின்னோட்டச் சுற்றில் கம்பியின் தடை அளவீட்டைக் குறைப்பதில்லை. சப்ளை வோல்ட்டேஜ் போதும்வரை டிரான்ஸ்மிட்டர் அதே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே வோல்ட்டேஜைக் கணக்கிட்டேன். போக வர 1.2 கிலோமீட்டர் செம்புக் கம்பியின் தடை சுமார் 45 ஓம். 20 மில்லியாம்பில் அது விழுங்குவது 0.9 வோல்ட் மட்டுமே. பிஎல்சியில் (சிக்னலைப் படிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மின்னோட்டத்தை வோல்ட்டேஜாக மாற்றும் 250 ஓம் ரெசிஸ்டரோடு, பின்னாளில் யாரோ ரெக்கார்டருக்காக (அளவைப் பதிவுசெய்யும் கருவி) தொடராகச் சேர்த்திருந்த இன்னொரு 250 ஓமும் சேர்ந்து 10 வோல்ட்டை எடுத்துக்கொண்டன. 24 வோல்ட்டில் மிஞ்சியது 13.1, டிரான்ஸ்மிட்டருக்கோ குறைந்தது 14 வேண்டும். அதனால்தான் மின்னோட்டம் 18.3 மில்லியாம்பிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, ரெக்கார்டரை 1–5 வோல்ட் உள்ளீடாக மாற்றி, பிஎல்சி ரெசிஸ்டரின் இரு முனைகளிலேயே இணைத்தேன். இரண்டு கருவிகளுக்கும் பொதுவான கிரவுண்ட் இருந்ததால் இது பொருந்தியது. இல்லையென்றால் ஐசோலேட்டர் (இரு சுற்றுகளை மின்ரீதியாகப் பிரிக்கும் கருவி) வைத்திருக்க வேண்டும். இப்போது 20 மில்லியாம்பிலும் டிரான்ஸ்மிட்டர் முனையில் 18 வோல்ட் நிற்கிறது.