கரண்ட் குட்டி யானை: நெல்லைப் பக்கம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூனில் குட்டி யானை வரிசையில் டாடா ஏஸ் ப்ரோ என்ற சின்ன லோடு வண்டி வந்தபோது பெட்ரோல் வண்டியின் ஆரம்ப விலை 3.99 லட்சம், பேட்டரி வண்டியின் விலை 6.5 லட்சம். அந்த செப்டம்பரில் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பேட்டரி வண்டிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான் என்பதால் அதற்குக் குறைய ஒன்றுமில்லை. ஆக, இரண்டு விலைக்கும் நடுவே குறைந்தது இரண்டரை லட்சம் இருக்கிறது. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் இந்தப் பணம் திரும்பும் என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதுதான் பெரிய தவறு.

கணக்கு லேசானதுதான். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், லோடோடு பதினைந்து கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 16 யூனிட், யூனிட் ஒன்பது ரூபாய், ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் என்று போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வரும். மிச்சம் ஐந்து ரூபாய். அப்படியானால் இரண்டரை லட்சம் திரும்ப 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போய்வருபவருக்கு நாளுக்கு எழுபது கிலோமீட்டருக்குமேல் ஆகும். வருஷத்தில் முந்நூறு நாள் ஓடினால் இரண்டரை வருஷத்துக்குள் பணம் வந்துவிடும். பாளையங்கோட்டைக்குள்ளேயே தினம் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்தரை வருஷத்திலிருந்து எட்டு வருஷத்துக்குமேல்கூட ஆகும். அவர் பெட்ரோல் வண்டியே வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கரண்ட் பில். வீட்டு மீட்டரில் முதல் நூறு யூனிட் இலவசம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. மாதம் 25 நாள் முழு சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்துக்கு வண்டிக்கு மட்டும் 800 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். சலுகை விலையும் போய்விடும். மேலே நான் ஒன்பது ரூபாய் போட்டது அதனால்தான். வண்டி எடுப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, வாடகை வண்டிக்கு எந்த இணைப்பு சரி, வீட்டுக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர், தனி பிரேக்கர் போடும் செலவையும் வண்டி விலையோடு சேர்க்க வேண்டும்.

தோட்டத்து பம்புசெட் இணைப்பில் சார்ஜ் போடவே கூடாது. அந்த இலவச மின்சாரம் விவசாயத்துக்குக் கொடுத்தது. வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். அதைவிட, இலவச மின்சாரத்தை நம்பி வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதனால் கெட்ட பெயர் வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

155 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொல்வது சோதனையில் வந்த கணக்கு. அதை வைத்து சவாரி ஒத்துக்கொள்ளாதீர்கள். நூறு என்று வைத்தே திட்டம் போடுங்கள். களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு வாழைத்தார் ஏற்றிப் போய்த் திரும்புவதற்கே கிட்டத்தட்ட அதில் முழுவதும் போய்விடும். திரும்பும்போது "அப்படியே நாகர்கோவில் வரை ஒரு லோடு" என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லத்தான் வேண்டும். கேரளாவுக்குப் போகும் வாழைத்தார் லோடுக்கு இந்த வண்டி வேண்டாம்.

பாரம் 750 கிலோ என்றால் 750 கிலோதான். ஒரு தார் பதினைந்து கிலோ என்றால் ஐம்பது தார். டீசல் வண்டியில் தொண்ணூறு தார் அடுக்கிப் பழகியவர்கள் இதிலும் அடுக்குகிறார்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும். டயரும் பிரேக்கும் தேயும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் எடைச் சீட்டைத்தான் கேட்பார்கள். தினமும் ஒரு டன் ஏற்றும் தொழில் என்றால் ஒரு டன் தாங்கும் வண்டியை வாங்க வேண்டும், ஏஸ் இவி 1000 மாதிரி. விலை கூடத்தான் செய்யும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை வள்ளியூர், பணகுடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றாலை அத்தனையும் அங்கே நிற்பது அதற்காகத்தான். வைக்கோலை உயரமாகக் கட்டிக்கொண்டு காவல்கிணறு நோக்கி எதிர்க்காற்றில் போனால் சார்ஜ் கண்ணெதிரே குறையும். மெதுவாக ஓட்டுங்கள், உயரத்தைக் குறையுங்கள். டிரையல் ஓட்டுவதானால் அந்த மாதங்களில், உங்கள் லோடோடு, உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் காலி வண்டியை ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது.

நாற்கரச் சாலையில் சார்ஜ் நிலையம் இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்புவதும் சரியில்லை. அங்கே பெரும்பாலும் காருக்கான வேக சார்ஜர்தான். சின்ன லோடு வண்டி எல்லாவற்றிலும் அந்த சார்ஜரின் கன் (வண்டியில் சொருகும் முனை) பொருந்தாது. வாங்கும் மாடலில் பொருந்துமா என்று நேரில் சொருகிப் பாருங்கள்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை தாண்டியதில் ஜங்ஷன் பகுதி மூழ்கியதைப் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி வெளியே காய்ந்து தெரிந்தாலும் சாவியைத் திருப்பாமல், சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கட்டியிழுத்துக் கொண்டுபோக வேண்டும். அந்த சென்டர் திருநெல்வேலியிலேயே இருக்கிறதா, மதுரைக்குப் போகணுமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.