வடிவமைப்பு மாணவர்களுக்கு இயங்கும் மின்னணு மாதிரிகளைச் செய்யக் கற்பித்தல்

இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த ஊடாட்ட வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் 2005ஆம் ஆண்டு ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகை உருவானபோது, மின்னணுவியல் படித்திராத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்தே அது செய்யப்பட்டது. ஆகவே ஓம் விதியை வாரக்கணக்கில் கரும்பலகையில் விளக்கிய பிறகே பலகையைக் கையில் கொடுப்பது வீண் தாமதம் என்பது என் உறுதியான கருத்து. முதல் வகுப்பிலேயே ஏதேனும் ஒன்று இயங்கிவிட வேண்டும்.

இருட்டினால் தானே எரியும் விளக்கு இதற்கு நல்ல பயிற்சி. ஒளி கூடக்கூட மின்தடை குறையும் உணரியான ஒளியுணர் மின்தடையின் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலைப் பலகையின் ஏ0 என்ற உள்ளீட்டு முனையிலும் இணைத்து, அதே முனையிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தரை இணைப்புக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். 9ஆம் முனையிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக எல்இடியின் நீண்ட காலையும், தரை இணைப்புடன் அதன் குட்டைக் காலையும் இணைத்தால் சுற்று முடிந்தது.

விளக்கை இயக்கும் நிரல் எழுதும் முன், உணரி தரும் எண்களை, பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பார்க்க வையுங்கள். ஆர்டுயினோ பலகையின் ஊனோ வகையில் அவை 0 முதல் 1023 வரை இருக்கும். உணரியைக் கையால் மூடும்போதும் சன்னலருகே கொண்டுபோகும்போதும் வரும் எண்களை மாணவரே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அறைக்கு அறை அவை மாறும்.

300க்குக் கீழே போனால் விளக்கு எரியட்டும் என்று எழுதியவுடன், அந்த எல்லையருகே விளக்கு படபடவென மினுக்கும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குவதை மானிட்டரில் கண்டபின், 300க்குக் கீழே எரியவும் 400ஐத் தாண்டினால் மட்டுமே அணையவும் இரண்டு எல்லைகள் வைக்கலாம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்பதுதான் விளக்கின் சுபாவத்தைத் தீர்மானிக்கிறது. அது முழுக்க முழுக்க வடிவமைப்பு முடிவு. எல்இடியின் ஒளியே உணரியின்மேல் விழுந்தாலும் மினுக்கல் வரும் என்பதால், நடுவே ஒரு அட்டைத் தடுப்பு வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாருக்குப் போகும்போது, அதற்குத் தனி மின்வழங்கி கொடுத்து, பலகை, மின்வழங்கி இரண்டின் தரை இணைப்பையும் ஒன்றாக்க வேண்டும். இல்லையேல் மோட்டார் திணறும்போது பலகை தானாக மீளத் தொடங்கக்கூடும்.

சுற்று இயங்கியதும் அதை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, வகுப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் கொடுக்கச் செய்யுங்கள். யூஎஸ்பி முனைக்குப் பெட்டியில் திறப்பு விட்டிருந்தால், அவர் தடுமாறிய இடத்தைப் பார்த்து அங்கேயே எல்லைகளை மாற்றி நிரலை மறுபடி பலகையில் ஏற்றலாம்.