செட்டிநாட்டு ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பொதுவில் வைக்க ஓர் அமைப்பைத் தொடங்கும் வழி

காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் தயாரித்த அறிவியல் பணித்தாள்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அவற்றைப் பிற ஆசிரியர்களுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. படங்களில் பாதி இணையத்தில் எங்கோ எடுத்தவை. எங்கே எடுத்தேன் என்ற குறிப்பு ஒன்றுக்கும் இல்லை. வகுப்பில் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்ட அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட என்னால் பொதுவில் வைக்க முடியவில்லை. திறந்தநிலைக் கல்வி வளங்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் அதே நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

திறந்தநிலைக் கல்வி வளம் என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு அதற்கென ஒரு பரிந்துரையையே ஏற்றுக்கொண்டது. இலவசமாகக் கிடைப்பது மட்டுமே அதன் பொருள் அன்று. ஒரு பாடத்தை வைத்துக்கொள்ளவும், பயன்படுத்தவும், திருத்தவும், வேறொன்றுடன் சேர்க்கவும், பிறருக்குக் கொடுக்கவும் ஆகிய ஐந்து உரிமைகளும் பெறுபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் பிடிஎஃப் இலவசமானது. ஆனால் அதை யார் செய்தார், மாற்றலாமா, அச்சிட்டுப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்பதற்கு அதில் விடை இருப்பதில்லை.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் எழுகிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, பாடம் கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே வகுப்பில் பிறர் படத்தைக் காட்டியதற்காக யாரும் நம்மைக் கேட்பதில்லை; அந்தப் பழக்கத்தில், அதே படத்தைச் சேர்த்து எல்லாருக்கும் வெளியிடவும் உரிமை உண்டு என்று நினைத்துவிடுகிறோம். வெளியிடுவது வேறு. இந்தியாவில் பதிப்புரிமை பதிவு செய்யாமலேயே பிறந்துவிடுகிறது. எழுதியவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஒரு படத்தின் கீழ் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே கொள்ள வேண்டும். 1921இல் மறைந்த பாரதியின் பாடலை எடுத்தாளத் தடையில்லை. ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரையும், பதிப்பகம் வரைந்த படமும் அவரவருக்கு உரியவை. அரசின் பாடநூலிலிருந்து பக்கங்களை அப்படியே வெட்டி ஒட்டுவதும் இந்த விதிக்குள்தான் வருகிறது. பாடநூலின் பாடத்தலைப்பையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டுவிட்டு, விளக்கத்தை நம் சொற்களில் எழுதுவதே சரியான வழி.

எனவே முதல் கூட்டத்தில் பெயர், சின்னம், தலைவர், செயலாளர் என்று தொடங்க வேண்டாம். ஐந்தாறு ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கூடி, ஆளுக்கு ஒரு பாடத்தை, தாங்கள் வகுப்பில் நடத்திப் பார்த்த ஒன்றை, மேசைமேல் வையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் படத்துக்கும் 'இது யாருடையது?' என்று கேளுங்கள். விடை தெரியாதவற்றை நீக்குங்கள், அல்லது நீங்களே வரைந்தும் படமெடுத்தும் நிரப்புங்கள். முதல் நாளில் ஒரே ஒரு பாடம் முழுமையாகத் தேறினாலும் போதுமானது. நாங்கள் தொடங்கியபோது எங்களுக்கு அதுகூடத் தேறவில்லை.

இந்தக் கணக்கை எழுதிவைக்க நம் ஊர்ப் பழக்கமே உதவும். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மொய் ஏடு எழுதுபவர் கொடுத்தவர் பெயர், ஊர், தொகை என எதையும் விடுவதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் பேரேட்டில் பற்றும் வரவும் அன்றன்றே பதிந்தார்கள். அதே ஒழுங்கில் அமைப்புக்கு ஒரு பேரேடு வைத்து, பாடத்தின் தலைப்பு, செய்தவர் பெயர், எந்த வகுப்பு, எந்த நாள், உள்ளே உள்ள ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது, அதன் உரிமம் என்ன என்று பதியுங்கள். கணினியில் ஒரு விரிதாளும் காகிதத்தில் ஒரு குறிப்பேடுமாக இரண்டும் இருப்பது நல்லது. பாடம் முடிந்தபின் பதிந்துகொள்ளலாம் என்று விட்டால் நினைவில் நிற்காது. என் நாற்பது தாள்களுக்கும் நேர்ந்தது அதுவே.

அடுத்து உரிமம். படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை ஆயத்தமாக எழுதித் தருவதற்கென 2001இல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. இப்போது வழக்கில் இருப்பது 2013இல் வந்த 4.0 பதிப்பு. அதில் உள்ள நிபந்தனைகள் நான்கே: செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியதை வெளியிடக் கூடாது. இவற்றைச் சேர்த்தும் விடுத்தும் ஆறு உரிமங்கள் அமைகின்றன. பெயர் சொன்னால் போதும் என்பதையோ, பெயர் சொல்லி அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பதையோ தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை நம் நோக்கத்துக்கே எதிரானது. 'வணிகம் கூடாது' என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நம் உழைப்பை யாரோ விற்றுவிடுவார்களே என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நிபந்தனை வந்தவுடன் சிறிய தனிப்பயிற்சி மையமும், கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியும், மலிவு விலையில் அச்சிட்டுத் தர முன்வரும் அச்சகமும் தயங்கி நின்றுவிடுகின்றன. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் அத்தகைய படங்களை ஏற்பதே இல்லை. மேலும் ஒரு கோப்பை 'அதே உரிமத்தில் பகிர்க' என்றும் இன்னொன்றை 'வணிகம் கூடாது, அதே உரிமத்தில் பகிர்க' என்றும் வெளியிட்டால், இரண்டையும் கலந்து ஒரே பாடமாக்க எவராலும் முடியாது. அமைப்பு முழுமைக்கும் ஒரே உரிமம் என்று தீர்மானித்துவிடுங்கள்.

உரிமம் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. இதை ஒவ்வொரு ஆசிரியரிடமும் கையொப்பத்துக்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வதால், பள்ளி நிர்வாகத்திடமிருந்தோ துறையிடமிருந்தோ ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பேரேட்டுடன் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பொறுப்பாளர்களாக இருக்கப் போவதாக இருந்தால் அதற்கும் முன்னனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர் வரைந்த படம் மாணவருக்கு உரியது. அதைச் சேர்க்கவும், குழந்தைகளின் முகமோ குரலோ வரும் பதிவை வெளியிடவும் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். நான் கேட்டால் முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுங்கள் என்றே சொல்வேன்.

எந்தப் பாடத்தைச் செய்வது என்ற கேள்விக்கு, இந்த மண்ணில் நின்று செய்யக்கூடியதைச் செய்யுங்கள் என்பதே விடை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, சட்டத்தை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டுச் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை ஆறாம் வகுப்பில் கொடுத்தால், சமச்சீர் என்றால் என்ன என்பதைக் குழந்தைகள் கையால் சுழற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 24 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள ஒரு பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) 8 அங்குலக் கல் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். நீளவாக்கில் 36, அகலவாக்கில் 24, ஆக 864 என்ற விடைக்கு வருவதற்குள் அளவை மாற்றம், வகுத்தல், பரப்பளவு மூன்றும் நடந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுவதை விளக்க, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள பழைய வீட்டுச் சுவர்களைவிட நல்ல சான்று கிடைக்காது. கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது; ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்து எடுக்கும் படத்துக்கு வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்வதே மரியாதை.

மாற்றும் உரிமையின் பயன் இங்கேதான் தெரிகிறது. பத்தமடையில் இருக்கும் ஓர் ஆசிரியர் தரைக்கல்லை எடுத்துவிட்டுக் கோரைப்பாயை வைப்பார். கணக்கின் எலும்பு அப்படியே இருக்கும், குழந்தைக்குத் தெரிந்த பொருள் மட்டும் மாறும். அதற்கு அவருக்குத் திருத்தக்கூடிய கோப்பு வேண்டும். எனவே பிடிஎஃப் ஒன்றை மட்டும் வெளியிடாமல், லிப்ரெஆபிஸ் என்ற எழுதும் மென்பொருளில் திறக்கும் ஓடிடி கோப்பையும், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்த படங்களின் எஸ்விஜி கோப்புகளையும், சுருக்காத புகைப்படங்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் கொடுங்கள். எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) இருப்பது கட்டாயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றை மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு எண்களையும் வேதியியல் வாய்பாடுகளையும் மூலத்துடன் ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும், ஏனென்றால் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெளியிடுவதற்கு முன், பாடத்தைச் செய்தவர் அல்லாத ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எந்தச் சொல் புரியவில்லை என்ற குறிப்பு பாடத்தின் கடைசிப் பக்கமாகச் சேரட்டும். வேறோர் ஆசிரியருக்கு அழகான அட்டைப்படத்தைவிட அந்தக் கடைசிப் பக்கமே உதவுகிறது. குறை சொல்வதைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் சொல்லாமல் எழுதித் தருவது நல்லது. மூத்த ஆசிரியரின் பாடத்தில் இளையவர் தவறு காட்டத் தயங்குவது நம்மிடையே இயல்பு.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் திறந்த உரிமம் கொண்ட தமிழ்க் கதைகள் உள்ளன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற, கணினித் திரையில் செய்து பார்க்கும் அறிவியல் செய்முறைகள் தமிழிலும் கிடைக்கின்றன. 1998 முதல் மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை மின்னுரையாக்கி வருகிறது. எடுக்கும்போது அவற்றின் உரிமத்தையும் பேரேட்டில் பதிந்துவிடுங்கள். இணையம் தடைப்படும் பள்ளிகளுக்குக் கோலிப்ரி, கிவிக்ஸ் ஆகிய மென்பொருள்களை ஒரு சிறு கணினியில் நிறுவி, இணைப்பே இல்லாமல் பாடங்களைக் காட்டலாம்.

பதிவு செய்வதைப் பத்துப் பாடங்களாவது வெளிவந்த பிறகு பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம். அறக்கட்டளையாகப் பதிவதும் உண்டு. ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, வரவு செலவு அறிக்கை ஆகியவற்றைத் தவறாமல் செய்ய ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விதிகளில் ஒரு வரியை மட்டும் மறவாதீர்கள்: சங்கம் கலைந்தாலும் வெளியிட்ட பாடங்கள் அதே உரிமத்தில் பொதுவிலேயே இருக்கும்.

அந்த வரியை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் ஒரு லட்சம் என்ற அளவுக்கு நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியதால், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தமிழுக்கு அது காப்பாற்றப்பட்டது. ஒருவர் வீட்டுக் கணினியில் இருக்கும் நம் பாடங்களை வாங்கிக் காக்க யாரும் வரமாட்டார்கள். ஒரு படி அமைப்பின் வன்தட்டில், ஒன்று இணைய ஆவணகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில்), ஒன்று வேறு ஊர் உறுப்பினரிடம் என மூன்று இடங்களில் வையுங்கள். படங்களை விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து பார்த்து நாளைக் குறியுங்கள்.

வெளியூரிலிருந்து யாராவது நம் பாடத்தை மாற்றி அனுப்பினால், அதை மறுமொழி என்று ஒதுக்கிவிடாமல் அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் எடுங்கள். மாற்றியவரின் பெயரும் ஊரும் பேரேட்டில் மூல ஆசிரியரின் பெயருக்கு அடுத்த வரியில் ஏற வேண்டும். பாடத்தின் முதல் பக்கத்தில் பதிப்பு எண் 2 என்று மாற வேண்டும்.