எம்ஐஎஸ் சிலபஸைத் தாண்டிப் படிக்க: ஒரு கடையின் பில் புக்கில் தொடங்குங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் எம்.பி.ஏ., பி.பி.ஏ., பி.சி.ஏ. படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது, "எம்ஐஎஸ்ஸில் (மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) சிலபஸுக்கு வெளியே எதைப் படிக்கலாம், லிங்க் இருந்தால் அனுப்புங்கள்" என்பதுதான். லிங்க்குக்குப் பஞ்சமே இல்லை. சேர்த்து வைத்த கோர்ஸில் ஒன்றைக்கூட முடிக்காமல் செமஸ்டர் ஓடிவிடுகிறது, அதுதான் கவலை. அதனால் முதலில் ஒரு கடையைப் பிடியுங்கள், கோர்ஸை அப்புறம் தேடலாம்.

மாமாவின் மருந்துக்கடை, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடை, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம், எதுவானாலும் சரி. முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு மாதத்து பில்களை வாங்கி, வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் விட்டுவிட்டு (தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, இந்தப் பழக்கம் இப்போதே வரட்டும்) மற்றதையெல்லாம் எக்செல்லிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலோ ஏற்றுங்கள். பிவட் டேபிள் (தகவலை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, எந்தச் சரக்கு எந்த வாரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். இதுவும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். சரக்குக்கு ஒரு டேபிள், பில்லுக்கு ஒன்று, பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. இங்கேதான் நிஜப் பாடம் இருக்கிறது. டபிள்யூ 320 ரக முந்திரிப் பருப்பு கிலோ 800 ரூபாய் என்று சரக்கு டேபிளில் போட்டிருக்கிறீர்கள், தீபாவளிக்கு அதையே 880 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்ற விலையை பில் வரியில் தனியாக எழுதாமல் சரக்கு டேபிளிலிருந்தே எடுத்தால், ஆடி மாதத்து பில்லெல்லாம் புது விலைக்குத் தாவிவிடும், பழைய விற்பனைக் கணக்கே பொய்யாகிவிடும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று நார்மலைசேஷன் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் இன்றைய விலை வேறு, அன்று விற்ற விலை வேறு, அவை இரண்டு தகவல்கள். இது ஒருமுறை கையில் பட்டுவிட்டால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இப்படி எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும்போது கோர்ஸுக்குப் போங்கள். என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் டேட்டாபேஸ், மேனேஜ்மென்ட் இரண்டுக்கும் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இருக்கின்றன, பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். முழுக் கோர்ஸையும் பார்க்க முடியாவிட்டால் உங்களுக்குத் தேவையான வாரத்தை மட்டும் பாருங்கள், தப்பே இல்லை. படித்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் எம்.பி.ஏ. பாடப் புத்தகங்கள் அப்படியே பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன, மொழியும் எளிமை.

ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள்) என்றால் என்ன என்று தியரியாகப் படித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் நம் நாட்டில் உருவான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதில் ஒரு பர்சேஸ் ஆர்டர் போட்டு, சரக்கு வந்ததாகப் பதிந்து, ஸ்டாக்கும் கணக்கும் சேர்ந்து நகர்வதைப் பாருங்கள்.

மேனேஜ்மென்ட் பக்கத்துக்கு என்னுடைய முதல் சிபாரிசு ஆண்டறிக்கைகள். பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சி இருக்கிறது; பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்பதால் அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். முன்பக்கத்துப் படங்களைத் தள்ளிவிட்டு, ரிஸ்க் பற்றிய பகுதியையும், பின்னால் வரும் பிசினஸ் ரெஸ்பான்சிபிலிட்டி பகுதியில் சைபர் பாதுகாப்புக் கொள்கை பற்றிய கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படியுங்கள். அதே கேள்விக்கு ஒரு ஐடி கம்பெனியின் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லையென்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம்.

ஒரு செமஸ்டர் முடிவதற்குள் மூன்று டேபிளும் பத்து க்வெரியும் (டேபிளிடம் கேட்கும் கேள்வி) ஓடினால் போதும், அந்த ஃபைலை அப்படியே ரெஸ்யூமில் போடுங்கள். இன்டர்வியூவில் "என்ன ப்ராஜெக்ட்?" என்று கேட்டால், அந்த 800, 880 கதையைச் சொல்லுங்கள்.